அபராதப் பணத்தில் நடக்கும் கோர்ட்

கேள்வி: அமெரிக்காவில் சில ஊர்களில் அபராதப் பணத்தை வைத்துத்தான் கோர்ட்டே நடக்கிறதாமே? தப்பு செய்தவர் செலவை ஏற்பதில் என்ன தவறு, வரி கட்டுகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் தப்பு செய்தாரா இல்லையா என்று முடிவு செய்கிறவரே அந்தப் பணத்தை நம்பி இருந்தால்? ஒஹாயோவில் நார்த் காலேஜ் ஹில் என்ற சின்ன ஊரில், மதுவிலக்கு காலத்தில், மேயர்தான் நீதிபதி. மது வைத்திருந்ததாகப் பிடிபட்ட டூமி என்பவருக்கு 100 டாலர் அபராதம் போட்டார், வழக்குச் செலவு என்று வாங்கியதில் 12 டாலர் மேயருக்கே போனது. விடுதலை செய்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இது செல்லாது என்று 1927லேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. நியூ ஆர்லியன்ஸ் குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதிகள் போடும் அபராதமும் கட்டணமும் அவர்களே நிர்வகிக்கும் ஒரு நிதியில் சேர்ந்தது. சம்பளம் அவர்களுக்கு அதிலிருந்து இல்லை, சரி, ஆனால் ஊழியர் சம்பளமும் ஆபீஸ் செலவும் அதிலிருந்துதான். கட்ட வழியில்லை என்று ஒருவர் வந்து நின்றால் அது உண்மையா என்று பார்க்க வேண்டியவரும் அதே நீதிபதி! இதுவும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மிசூரியின் ஃபெர்குசன் இன்னும் மோசம். அந்த நகராட்சி 2015 பட்ஜெட்டில் சுமார் 1.3 கோடி டாலர் வருமானத்தில் 30 லட்சத்துக்கு மேல் அபராதத்திலிருந்தே வரும் என்று கணக்குப் போட்டிருந்தது. அங்கே 2007ல் ஒரு பெண் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு 151 டாலரும் கட்டணமும். வீடே இல்லாமல் அல்லாடிய காலத்தில் தவணை தவறியது, வாய்தாவுக்கு வரவில்லை என்று மேலும் மேலும் அபராதம், பிடிவாரண்ட், ஆறு நாள் ஜெயில். ஒரு தடவை 25 டாலர், இன்னொரு தடவை 50 டாலர் கட்டப் பார்த்தார். முழுசாகக் கட்டு என்று கோர்ட் திருப்பி அனுப்பிவிட்டது. 2014 கடைசி வரை 550 டாலர் கட்டியும் இன்னும் 541 பாக்கி. மத்திய நீதித்துறையின் 2015 அறிக்கையில் இருப்பது இது.

வரி கட்டுகிறவர் தப்பித்தாரா என்றால் அதுவும் இல்லை. வாரண்ட் போடவும் போலீஸ் தேடிப் போகவும் ஜெயிலில் சோறு போடவும் அவர் பணம்தானே செலவாகிறது?