ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குழி தெரிகிறது. "பால் பல்தானே, விழுந்து முளைச்சா சரியாயிடும்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: காத்திருக்காதீர்கள். முதலில் அது பால் பல்தானா என்று பாருங்கள். கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள், விழுந்த பல்லின் இடத்தையும் சேர்த்து. ஐந்து வரைதான் பால் பல். ஆறாவதாக நிற்பது நிரந்தரப் பல். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே பால் பற்களுக்குப் பின்னால் இது முளைத்துவிடுவதால் நிறையப் பெற்றோர் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. அதன் மேல்பக்கத்துப் பள்ளங்களுக்குள் பிரஷ் நார் சரியாகப் போகாது, அதனால் சொத்தை விழும் முன்பே அந்தப் பள்ளங்களை மூடும் 'சீலண்ட்' என்ற பூச்சைப் பல் மருத்துவரிடம் பூசிவிடுவது நல்லது.

சரி, பால் பல்லாகவே இருந்தாலும்? கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தை முற்றி முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அடியிலிருந்து வரும் பல் கோணலாகத்தான் வரும். சிறு குழியாக இருக்கும்போதே அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. காலையில் பல் தேய்க்காமல் காபியைத் தொடாத வீடுகளில்கூட ராத்திரி பிள்ளைகள் பாலைக் குடித்துவிட்டு அப்படியே படுத்துவிடுகிறார்கள். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறையும், பல்லில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பதே அந்த எச்சில்தான். ஆகவே இரவுத் தேய்ப்பைத் தயவுசெய்து விடாதீர்கள். ஏழெட்டு வயது வரை நீங்களே தேய்த்துவிடுங்கள், பிள்ளை கைக்கு உள்பக்கம் எட்டாது. பட்டாணி அளவு பேஸ்ட் போதும், மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஒரு அரிசி அளவு. நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் இருக்கும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் அதோடு போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை. ஃபுளோரைடு பேஸ்ட்டை நிறுத்திவிடலாமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: நிறுத்த வேண்டியது அந்தத் தண்ணீரை. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், ஃபுளோரைடு அதிகமாக வயிற்றுக்குள் போவதால் வரும் கறை அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். உங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிறது, அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும். பேஸ்ட்டைப் பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: வயது 45. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் தேய்ப்பதில்லை.
- வாசகர், மதுரை

பதில்: தேய்க்காமல் விட்டால் ரத்தம் கூடத்தான் செய்யும். ஈறு ஓரத்தில் படியும் அழுக்கால்தான் பெரும்பாலும் ஈறு வீங்கிக் கசிகிறது. மென்மையான பிரஷ்ஷால் அங்கேயே இதமாகத் தேயுங்கள், உப்பும் கரியும் வேண்டாம். அந்த அழுக்கு இறுகிக் காரை கட்டியிருந்தால் மருத்துவர்தான் சுத்தம் செய்து எடுக்க வேண்டும். அப்படியே சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், சர்க்கரை கூடினால் ஈறு நோயும் கூடும்.