கணினி கேள்வி-பதில்: விக்கியில் இருக்கும் லிங்க் ஏன் திறக்கவில்லை?

செம்பூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு நான் செக்ரட்டரி. மீட்டிங் மினிட்ஸ், லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டட உறுதிச் சோதனை) ரிப்போர்ட் எல்லாவற்றையும் பற்றி டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டு மென்பொருளில் குறிப்பு எழுதி, கீழே அந்தந்தக் கோப்புக்கு லிங்க் கொடுத்திருந்தேன். லேப்டாப் மாற்றியதும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பழைய லேப்டாப்பிலும் ஒரு தொல்லை இருந்தது. எக்செலில் மெயின்டனன்ஸ் பாக்கியைத் திருத்திச் சேமிப்பேன், அடுத்த முறை லிங்கைத் தட்டினால் பழைய கணக்கே வரும். என்ன செய்வது?

பதில்: பணம் சம்பந்தப்பட்டது என்பதால் எக்செல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிட்லிவிக்கி என்பது பிரவுசருக்குள் ஓடும் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, அதாவது ஒரு வலைப்பக்கம், அதில் லிங்கைத் தட்டினால் திறக்கிற வேலையும் பிரவுசருடையதுதான். பிடிஎஃப்பை அது தானே காட்டிவிடும். எக்செல், வேர்டு என்றால் காட்டத் தெரியாமல் ஒரு நகலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறக்கிவிடும், நீங்கள் இத்தனை நாளும் திருத்தியது அந்த நகலைத்தான். பழைய லேப்டாப்பில் டவுன்லோட்ஸைத் திறந்து பாருங்கள், அதே பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டு வரிசையாக நிற்கும். கடைசி நகலை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள்! ஒவ்வொன்றும் பழைய மூலத்திலிருந்து இறங்கியது, ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றில் இருக்காது. உட்கார்ந்து ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும், அடுத்த பில் அனுப்புவதற்குள் முடித்துவிடுங்கள்.

இனிமேல் திருத்த வேண்டிய கோப்புகளை டிட்லிவிக்கி வழியாகத் திறக்காதீர்கள். அப்படித் திறந்தே ஆகவேண்டும் என்றால் ஜிம் (Zim) அல்லது அப்சிடியன் (Obsidian) என்ற குறிப்பேட்டு மென்பொருளுக்கு மாறலாம். இரண்டும் பிரவுசருக்கு வெளியே தனி மென்பொருளாக ஓடுவதால், எக்செல் லிங்கைத் தட்டினால் மூலக் கோப்பே எக்செலில் திறக்கும்.

சரி, லிங்க் ஏன் அறுந்தது? ஃபைல் என்ற சொல்லும் மூன்று சாய்கோடும் போட்டு, சி டிரைவில் தொடங்கும் முழு முகவரியை எழுதியிருப்பீர்கள். அதன் நடுவில் உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் இருக்கும், புது லேப்டாப்பில் அது வேறாக இருந்தால் எல்லாம் போச்சு. விக்கிக் கோப்புக்குப் பக்கத்திலேயே ‘ஆவணங்கள்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். முகவரியை ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு என்று ஆரம்பித்து, ./ஆவணங்கள்/ என்று எழுதி, பின்னால் கோப்பின் பெயரைச் சேருங்கள். புள்ளி என்றால் ‘இந்த விக்கி இருக்கும் இடம்’. ஆனால் இதை வழக்கமான இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால், விக்கி அதைத் தன் உள்பக்கம் ஒன்றின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் அடைப்புக்கும் இரண்டாவது அடைப்புக்கும் நடுவில் இ, எக்ஸ், டி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்க்க வேண்டும். உள்ளே, காட்ட வேண்டிய பெயர், ஒரு செங்குத்துக்கோடு, முகவரி. விண்டோஸிலிருந்து முகவரியை நகலெடுத்தால் சாய்கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அதைத் திருப்பிப் போடுங்கள். அப்புறம் விக்கியும் ஃபோல்டரும் சேர்ந்தே எங்கு போனாலும் லிங்க் அறுகாது. நாளைக்கு வேறொருவர் செக்ரட்டரி ஆனால் பென்டிரைவில் அப்படியே கொடுத்துவிடலாம்.

ஆடிட் ரிப்போர்ட் மாதிரி தடிமனான பிடிஎஃப் என்றால் முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி, பேஜ் என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, 14 என்று சேர்த்துப் பாருங்கள், நேராக 14ஆம் பக்கத்தில் திறக்கும். அச்சிட்ட பக்க எண் அல்ல, கோப்பில் அது எத்தனையாவது பக்கமோ அந்த எண். அவசரத்துக்கு ஒரு பக்கத்தைத் தேடி அலையும்போது இதன் அருமை தெரியும்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி: லேப்டாப்பில் திறக்கும் லிங்க் என் ஆண்ட்ராய்டு போனில் திறப்பதில்லையே?

பதில்: திறக்காதும்மா. சி டிரைவ் என்று எழுதியது போனுக்கு ஒன்றும் புரியாது. அது போக, 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்கு இப்படி நேராகக் கோப்பு முகவரியை நீட்டுவதற்குத் தடை இருக்கிறது. அப்சிடியன் என்றால் பிடிஎஃப்பை அதன் வால்ட்டுக்குள்ளேயே (குறிப்புகளை அது வைத்திருக்கும் ஃபோல்டர்) வைத்து, அந்த வால்ட் போனிலும் இருந்தால் திறக்கும். இல்லையென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி அந்த லிங்கைக் கொடுங்கள். டிரைவுக்குள் கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் லிங்க் மாறாது. யாருக்குப் பார்க்க அனுமதி என்பதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள், ஆதார் நகலை ஊருக்கே திறந்துவிட வேண்டாம்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகர்: கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் முகவரி சதவீதக் குறியாக நீண்டுவிடுகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை. ‘வாடகை’ என்ற சொல்லை, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு, துணைக்கால், ஐகாரக் குறி உட்பட 5 குறிகளாகத்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து, ஆக மொத்தம் 45. அசிங்கமாக இருக்குமே தவிரத் திறக்கும். தமிழில் தாராளமாகப் பெயர் வையுங்கள். சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடாமல் சிறு கோடு போடுங்கள், லிங்கைப் பாதியில் அறுப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.