பொறியில் விழுவதெல்லாம் புது மணல் இல்லை

மாலத்தீவுப் பவளத்திட்டில் குழாய்ப் பொறி (மேலிருந்து விழும் மணலைப் பிடிக்கும் குழாய்) நட்டு மணல் உற்பத்தியை அளந்தால் கணக்கு மாதத்துக்கு மாதம் தாறுமாறாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தராசில் தப்பில்லை. பொறியில் விழுவது பெரும்பாலும் அலை கிளப்பிவிட்ட பழைய மணல், தென்மேற்குக் காற்று வலுத்தால் எடை ஏறத்தான் செய்யும்.

உற்பத்தி தெரிய வேண்டுமென்றால் மணலை உண்டாக்கும் உயிர்களைத்தான் எண்ண வேண்டும். முதலில் கிளிமீன், பவளப் பாறையைக் கடித்து அரைத்து மணலாகக் கழிப்பது. ஒரு மீனைச் சில நிமிடம் விடாமல் பின்தொடர்ந்து எத்தனை முறை கடிக்கிறது, அதில் எத்தனை கடி பாறையில் வெள்ளைத் தழும்பு விடுகிறது என்று குறித்துக்கொண்டு, தழும்பின் கன அளவு, பவளத்தின் அடர்த்தி, பகலில் மேயும் நேரம், மீன்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு வந்துவிடும். மீனை நீளவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பெரியதன் ஒரு கடி சின்னதன் பல கடிக்குச் சமம். அது விழுங்கும் பழைய மணலை இதில் சேர்க்கக் கூடாது.

அப்புறம் ஹாலிமிடா பாசி, இதன் சுண்ணாம்புத் துண்டுகள் உதிர்ந்து மணலாகும். செடியைப் பையால் மூடி அலிசரின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றுங்கள். சில நாள் கழித்துச் சாயமில்லாமல் வெளுத்திருக்கும் துண்டுகள்தான் புது வளர்ச்சி. அவற்றை உலர்த்தி எடை போட்டு, நீர்த்த அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, மிச்சத்தை மறுபடி எடை போடுங்கள்; குறைந்த எடைதான் புதுச் சுண்ணாம்பு.

மாலத்தீவின் வக்காரு தீவு பற்றி 2015இல் வெளியான ஆய்வில் புது மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் தந்தது, ஹாலிமிடா சுமார் 10. அதனால் முதல் வாரம் முழுவதையும் மீனுக்கே ஒதுக்குங்கள்.