புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், கொரோனா காலத்தில் ஏன் அவ்வளவு சிக்கல் ஆனது?

நியூட்ரோபீனியா காய்ச்சல் என்பது, கீமோவால் நியூட்ரோஃபில் என்ற, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால் ஆபத்து. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ தாக்கும். ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அந்த வகைதான். வாழைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தால் பக்கக்கன்றும் வாடுமே, அதுபோல. பொதுவாகக் கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டம் தொடும். அப்போது கிருமி புகுந்தால் சீழ்கூட வைக்காமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றே அறிகுறி.

100.4 பாரன்ஹீட் ஒரு மணி நேரம் நீடித்தால், அல்லது 101 ஒருமுறை காட்டினாலே ஆஸ்பத்திரிதான். ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

2020 பொதுமுடக்கத்தில் கைநழுவியது இந்த ஒரு மணி நேரம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை எடுக்கும் குமரி மாவட்டத்துக்காரருக்குக் கேரள எல்லையான களியக்காவிளையில் செக்போஸ்ட், பாஸ். காய்ச்சல் என்றாலோ கொரோனா சோதனை, முடிவு வரும்வரை தனி வார்டு. சோதனை சரிதான், அதற்காக ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்தி வைப்பதுதான் தப்பு. சோதனையும் ஊசியும் சேர்ந்தே நடக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லை தாண்ட முயலாமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போலப் பக்கத்தில் உள்ள இடத்துக்குப் போய், "கீமோ நோயாளி" என்று வாசலிலேயே சொல்லி, கடைசி கீமோ தேதியும் மருந்துப் பெயரும் உள்ள சம்மரியைக் காட்டுவதே நல்லது. முன்னதாகப் பாராசிட்டமால் போட்டால் தெர்மாமீட்டர் ஏமாற்றும்.

"அது கீமோ சூடு, இளநீர் குடித்தால் தணியும்" என்பார்கள்; சில மருந்துகள் காய்ச்சல் தருவது உண்மை, ஆனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.