மூச்சை வெட்டாதீர்கள்

வணக்கங்க,

ஒலிக்கதைகளுக்குக் குரல் கொடுக்கிறேன். அம்மிச்சி (அம்மாவின் அம்மா), மஞ்சள் மண்டிக்காரர், எட்டு வயதுப் பையன் மூவரையும் நானே பேசுகிறேன். கீச்சாகவும் கட்டையாகவும் மாற்றியும், ஒரே ஆள் பேசுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். அழுகையும் நடிப்பாகத் தெரிகிறதாம். பக்கத்தில் தறிகுடோன் இருப்பதால், இரைச்சலோடு மூச்சுச் சத்தத்தையும் துடைத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.
வாசகர், சோமனூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் துடைத்தெடுக்கும் மூச்சில்தான் ஆளும் இருக்கிறார், அழுகையும் இருக்கிறது.

சுருதியை மட்டும் மாற்றினால் வேகமும் நிறுத்தமும் உங்களுடையவையாகவே இருக்கும். தொண்டையும் சீக்கிரம் கட்டிக்கொள்ளும். இயல்புக் குரலிலிருந்து ஒன்றிரண்டு சுருதிக் கட்டைக்கு மேல் நகர வேண்டாம். அம்மிச்சிக்கு மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குங்கள். வரி முடிவில் காற்று தீர்ந்து குரல் தேயட்டும். மண்டிக்காரர் முழு வரியையும் ஒரே மூச்சில் முடிப்பார், விலை சொல்லும் முன் மட்டும் நிறுத்துவார். பையனுக்கு உதட்டைச் சிரிப்பதுபோல் அகட்டுங்கள். வாய்க்குழல் குறுகி, கீச்சிடாமலே குரல் சின்னதாகும்.

நம் கொங்குப் பக்கத்தில் கோபத்திலும் ‘ங்க’ போவதில்லை. அது நல்ல பிடிமானம். “நாந் தரமாட்டனுங்க” என்பதில் ‘மாட்ட’வை அழுத்தி ‘ங்க’வைச் சட்டென முடித்தால் கோபம், அதையே இழுத்தால் கெஞ்சல். கத்தவே வேண்டாம்.

அழுகைக்கு அழ முயலாதீர்கள், அடக்க முயலுங்கள். பாதி மூச்சு எடுத்து, ஒரு நொடி நிறுத்தி, பேசத் தொடங்குங்கள். காற்று போதாமல் குரல் தானாக உடையும். விம்மலைத் தனியாகச் சேர்த்தால்தான் நடிப்பாகிறது.

மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். உரத்த வரிக்கு இரண்டு சாண் தூரத்துக்கு விலகுங்கள். பதிவின் அளவுமானியில் ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

தறிச் சத்தம் சீரான ரீங்காரம் அல்ல, தட்டல். மூச்சைப் போலவே அதுவும் பல அதிர்வெண்களில் பரவியிருப்பதால் இரைச்சல் நீக்கும் மென்பொருள் இரண்டையும் சேர்த்தே அரிக்கும், குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் தரையதிர்வுதான் குறையும். பவானி ஜமுக்காளத்தைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி அடங்கும், தறியை அது தடுக்காது. தறி நிற்கும் நேரத்தில் பதிவதே வழி. அதன்பிறகும் மூச்சு தூக்கலாகக் கேட்டால், அந்த இடத்தில் மட்டும் ஒலியளவை 6 டெசிபல் தாழ்த்துங்கள்.