பல வருடமாக ஆன்லைன் தளங்களில் விற்கிறேன், கமிஷனும் ரிட்டர்னும் தாங்க முடியவில்லை. வெளியே வந்து சொந்தமாக விற்றுப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் கோபத்தில் ஒரே நாளில் கணக்கை மூடிவிடாதீர்கள். மூடுவதாக இருந்தால் எப்படி மூடுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் என்ன பொருள் விற்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. "ரேட்டிங் நன்றாக இருக்கிறது, ஆர்டரும் வருகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை, கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் நீங்களும் எங்களைப் போல வீட்டு முன்னறையில் பெட்டி அடுக்கி, குடும்பமே உட்கார்ந்து பார்சல் போடுகிற ஆள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரிய குடோன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது.

நாங்கள் விற்பது கொலு பொம்மை. மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரி என்று ஒரு ஊர், தலைமுறை தலைமுறையாக மண்பொம்மை செய்கிற ஊர். என் வீட்டுக்காரரின் சித்தப்பா குடும்பம் அங்கே பொம்மை செய்கிறது, நானும் வீட்டுக்காரரும் விற்கிறோம். 2014ல் ஒரு பெரிய தளத்தில் சேர்ந்தோம், அப்புறம் இன்னொன்றிலும் சேர்ந்தோம். பெயர் சொல்லப் போவதில்லை, எந்தத் தளம் என்று கேட்காதீர்கள். முதல் சில வருடங்கள் நன்றாகவே இருந்தது. அதுவரை எங்கள் வியாபாரம் புதுமண்டபத்துக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதோடு சரி. புனேயிலும் ஐதராபாத்திலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பொம்மையை வாங்கியது அந்தத் தளத்தால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், கொலு பொம்மைக்கு வருடத்தில் ஒரே ஒரு கெடு. மகாளய அமாவாசையன்று படி கட்டுவார்கள், அதற்குள் போய்ச் சேராத பொம்மை யாருக்கும் வேண்டாம். தளங்களின் பெரிய தள்ளுபடி விற்பனையும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. அந்த நேரத்தில் கூரியர் முழுக்க போனும் டிவியும்தான் நிறைந்திருக்கும். எங்கள் பெட்டி எந்த ஊர் குடோனில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தாமதம் செய்வது அவர்கள், "லேட்டாக வந்தது" என்று ஒற்றை நட்சத்திரம் விழுவது எங்கள் பெயரில்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது ரிட்டர்ன்.

ரிட்டர்ன் கேட்க அப்போது பத்து நாள் அவகாசம் இருந்தது. நவராத்திரி ஒன்பது இரவு. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் படியைப் பிரிப்பார்கள் இல்லையா, அன்றிலிருந்து ரிட்டர்ன் கோரிக்கை வர ஆரம்பிக்கும். ஒரு வருடம் ஒரு அஷ்டலட்சுமி செட் திரும்பி வந்தது. எட்டுப் பொம்மைக்கும் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது, புடவை மடிப்பில் காய்ந்த பூ ஒட்டியிருந்தது, கஜலட்சுமியின் கை ஒடிந்திருந்தது. போட்டிருந்த காரணம் "பொருள் விளக்கத்தில் உள்ளபடி இல்லை". பெட்டியைப் பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, தளத்திடம் நஷ்டஈடு கேட்டு கிளைம் போட்டோம். முதலில் "படம் தெளிவாக இல்லை" என்றார்கள், வேறு படம் அனுப்பினோம், "இந்த டிக்கெட் முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. புது டிக்கெட் போட்டால் "ஏற்கெனவே தீர்க்கப்பட்ட புகார்" என்றார்கள். வாங்கியவருக்கு முழுப் பணமும் போய்விட்டது, போகவர கூரியர் கட்டணமும் எங்கள் தலையில்.

அந்த செட்டை சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையை ஒட்டி வர்ணம் பூசினால் வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சித்தப்பா, "பூசை பண்ணின பொம்மைப்பா இது. இதை அழிச்சு இன்னொருத்தர் வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. தை முடிந்து மண் பிசைய ஆரம்பித்தால், அச்சில் அழுத்தி, இரண்டு பாதியை ஒட்டி, நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டி, கண் எழுதி முடிக்கிற வரை ஒரு குடும்பமே அந்தப் பொம்மையோடு கிடக்கிறது. அது வேறொருவர் வீட்டில் ஒன்பது நாள் இலவசமாக உட்கார்ந்துவிட்டு வருவதற்கு அந்தக் குடும்பம் கூலி கொடுக்க வேண்டுமா?

வாங்குகிறவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்கிறாயா என்று யாராவது கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், உடைந்து வந்தால் மாற்றிக் கொடுப்பது எங்கள் கடமை, இன்றும் கொடுக்கிறோம். பேக்கிங் சரியாகச் செய்திருந்தால் உடையாதே என்றும் எழுதுவீர்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித் தடுப்பு, பபிள் ராப், சுற்றிலும் தெர்மாகோல், வெளியே இரட்டை அட்டைப்பெட்டி போடுகிறோம். அதற்கு மேல் மண்ணுக்கு என்ன செய்ய முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், செய்கிறேன்.

இப்படி நன்றாகப் பேக் செய்வதற்கும் ஒரு தண்டனை உண்டு. கூரியர்காரர்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் பிடிப்பார்கள். தசாவதார செட்டுக்கு 45க்கு 35க்கு 30 பெட்டி போட்டால் 9.45 கிலோ கணக்காகிறது. உள்ளே இருப்பது அதில் பாதிதான். உடையாமல் இருக்கப் பெட்டியைப் பெரிதாக்கினால் கூரியர் காசு ஏறும், சிறிதாக்கினால் கஜலட்சுமியின் கை போகும்.

கமிஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கமிஷன், நிலைக் கட்டணம், அனுப்பும் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, போதாததற்குத் தேடலில் மேலே வர விளம்பரக் காசு. ஒன்று மட்டும் கவனியுங்கள். தளம் நமக்குப் பணம் தருகிற செட்டில்மென்டில் டிசிஎஸ் என்று ஜிஎஸ்டியில் பிடிப்பதும் (முதலில் 1 சதவீதம், 2024 ஜூலையிலிருந்து 0.5), டிடிஎஸ் என்று வருமான வரியில் பிடிப்பதும் (2024 அக்டோபரிலிருந்து 0.1) அரசுக் கணக்கில் உங்கள் பெயரில் ஏறுகிற பணம். அதைத் தளத்தின் கொள்ளை என்று சேர்த்துச் சொல்லாதீர்கள், நாம் சொல்கிற மற்ற நியாயமும் அடிபட்டுவிடும்.

எனக்கு இதைவிட வருத்தம், களிமண் பொம்மை என்று தேடினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையும் அதே பெயரில் வருகிறது, பாதி விலைக்கு. புகார் கொடுத்தாலும் அந்த லிஸ்டிங் (விற்பனைப் பக்கம்) அப்படியே நிற்கும். இங்கே உண்மையான மண்ணுக்கு நாங்கள் படுகிற பாடு யாருக்குத் தெரியும்? கண்மாயில் மண் எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்கள் எத்தனை காலம் மனு எழுதிக்கொண்டு அலைந்தார்கள். 2024ல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு எளிதாக்கியது, நல்ல விஷயம். ஆனால் கண்மாயில் நல்ல களி இருக்கிற இடம் எங்கே மிச்சம் இருக்கிறது? ராத்திரியில் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போகிறவர்களை யாரும் கேட்பதில்லை, இரண்டு மாட்டுவண்டி மண்ணுக்குச் சித்தப்பா அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

சட்டத்தில் வழி இருக்கிறதா என்றும் பார்த்தோம். 2020ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது வாங்குகிறவர் கொடுக்கும் புகாருக்கு. விற்கிறவருக்கு அப்படி ஒரு கெடு அந்த விதிகளில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், வணிகத்துக்காகச் சேவை வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவருக்கு அதில் விலக்கு இருக்கிறது, அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் விற்பனையாளர் ஒப்பந்தத்தை எடுத்து, வழக்கு என்றால் எந்த ஊரில் என்று பாருங்கள். எங்களுடையதில் வெளிமாநிலம் போட்டிருந்தது. ஒரு செட் பொம்மைக்காக அங்கே போய் நிற்க முடியுமா?

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அத்தனை வருடம் விற்றும் எங்களிடம் ஒரு வாடிக்கையாளரின் போன் நம்பர்கூட இல்லை. எங்கள் பொம்மையை வருடாவருடம் வாங்குகிறவர் யார், அவர் வீட்டில் ஏற்கெனவே எந்த செட் இருக்கிறது என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியும், செய்தவருக்குத் தெரியாது. கமிஷனைவிடப் பெரிய நஷ்டம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பார்சலுக்குள் விசிட்டிங் கார்டு வைப்பது பல தளங்களில் விதிமீறல், அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். நாங்கள் பொம்மையின் அடிப்பாகத்தில் ஊர்ப்பெயரையும் எங்கள் கடைப்பெயரையும் முத்திரையாகப் பதித்தோம். அது பொருளின் அடையாளம், எல்லாத் தொழிலிலும் உள்ளது. அந்தப் பெயரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் போட்டு வைத்தோம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போகும். அதனால் யார் பேசினாலும் முதலில் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். பணம் யுபிஐயில் முன்கூட்டியே வந்துவிடும், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. உடைந்தால் பெட்டி பிரித்த அன்றே படம் அனுப்ப வேண்டும், மாற்றிக் கொடுப்போம், மற்றபடி ரிட்டர்ன் இல்லை. இதை எழுதி வைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்று பயந்தோம், வந்தார்கள்.

சென்னைக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடுகிறோம். பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், மறுநாள் காலை அங்கே இருக்கும். பஸ் நிலையம் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போனதிலிருந்து போய் எடுப்பது தூரம் என்று மயிலாப்பூர்க்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள், நியாயம்தான். அவர்களுக்கு லாரி பார்சல் சர்வீஸில் அனுப்புகிறோம், ஓரிரு நாள் கூடுதலாகும். அதற்காகவே ஆடியிலேயே ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

சொந்த வெப்சைட் உடனே வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமெண்ட் கேட்வேக்குச் சுமார் 2 சதவீதம் போகும், அது பெரிதில்லை, ஆனால் வெப்சைட்டுக்கு ஆள் கொண்டுவர மறுபடி விளம்பரக் காசுதான். அரசு ஆதரவில் வந்த பொது மின்வணிக வலையமைப்பான ஓஎன்டிசியிலும் சேர்ந்து பார்த்தோம். 2022ல் ஐந்து ஊர்களில் சோதனையாகத் தொடங்கியபோது கோயம்புத்தூரும் அதில் ஒன்று, அதனால் நமக்குச் சீக்கிரம் வரும் என்று ஆசையோடு இருந்தோம். கமிஷன் குறைவுதான். பொம்மைக்கு எங்களுக்கு ஆர்டர் பெரிதாக வரவில்லை, சாப்பாடு, மளிகை விற்பவர்கள் முயன்று பார்க்கலாம். தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் வருடாவருடம் நடத்துகிற கொலு கண்காட்சியைக் கைவினைஞர்கள் விடவே கூடாது, அங்கே நேரில் பார்த்து வாங்குகிறவர் போன் நம்பரோடு வருகிறார்.

இப்போது எண்ணிக்கையில் முன்பைவிடக் குறைவாகத்தான் விற்கிறோம். கையில் நிற்பது அதிகம். மயிலாப்பூர் மாமி ஒருவர் ஆடி பிறந்ததும் போன் செய்து "இந்த வருஷம் என்னம்மா புதுசு?" என்று கேட்பார், போன வருடம் வாங்கிய கல்யாண செட்டுக்கு நாதஸ்வரக் கோஷ்டி சேர்த்துச் செய்துதரச் சொல்வார். அதைச் சித்தப்பாவிடம் சொன்னால் அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை எந்த ரேட்டிங்கும் கொடுத்ததில்லை.

தளத்தை முழுதாக விடவில்லை. காகிதக்கூழ் பொம்மைகளில் சிறியவற்றை மட்டும், நவராத்திரி அல்லாத மாதங்களில் அங்கே விற்கிறோம். அது இலேசானது, உடையாது. ஆவணி பிறந்தால் லிஸ்டிங்கை நிறுத்திவிடுவோம், விஜயதசமி முடிந்துதான் திறப்போம். உங்கள் பொருள் உடையாதது, வருடம் முழுக்க விற்பது என்றால் நீங்கள் பாதிக்குப் பாதி அங்கேயே வைத்திருக்கலாம்.

கணக்கை மூடுவதாக இருந்தால் முதலில் எல்லா லிஸ்டிங்கையும் நிறுத்துங்கள், மூடாதீர்கள். கடைசியாக விற்ற பொருளின் ரிட்டர்ன் காலம் தாண்டட்டும், நிலுவை கிளைம், கடைசி செட்டில்மென்ட் எல்லாம் வங்கியில் ஏறட்டும். எல்லா வருடத்து அறிக்கைகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு உள்ளே போக முடியாது. டிசிஎஸ் தொகையை ஜிஎஸ்டி போர்ட்டலில் நீங்கள் ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் உங்கள் கேஷ் லெட்ஜருக்கு (ஜிஎஸ்டி பணக் கணக்குக்கு) வரும், டிடிஎஸ் வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பலர் இந்தப் பணத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.