டீச்சரம்மா பதில்கள்: வேலைய விட்டுட்டு ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் ஆகலாமா?

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயசு, பி.இ. மெக்கானிக்கல், ஓசூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன். நைட் ஷிஃப்ட் சலிச்சுப் போச்சு. முன்னாடி ஊர்ல இருந்தப்போ இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல கொஞ்ச நாள் சாயங்கால வகுப்புல சின்னப் பசங்களுக்கு சொல்லிக் கொடுத்தேன், அது மனசுல ஒட்டிக்கிச்சு. பி.எட். முடிச்சா கவர்மென்ட் பிரைமரி ஸ்கூல்ல வேலை வாங்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். அம்மா, "அப்ப இன்ஜினியரிங் படிச்சது எதுக்கு?"ங்கிறாங்க. வேலைய விடலாமா?

பதில்: தம்பி, அம்மாவ அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல உங்க ஃப்ரெண்ட் பேச்ச நம்பி பி.எட். ஃபீஸ் கட்டிடாதீங்க. 2023 ஆகஸ்ட் மாசமே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பாடம் எடுக்க பி.எட். செல்லாதுன்னு. உங்களுக்கு வேண்டியது டி.எல்.எட்., அந்தக் காலத்துல டீச்சர் டிரெயினிங்னு சொல்வோமே அதேதான். பிளஸ் டூ மார்க்க வெச்சு சேருற ரெண்டு வருஷப் படிப்பு. பி.இ. முடிச்சவங்க திரும்ப பிளஸ் டூ மார்க் ஷீட்ட தூக்கிட்டு போய் நிக்கணும், கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும், பரவால்ல. சேர்க்கைக்கு வயசு வரம்பு வேற இருக்கு, அதனால ரொம்ப நாள் யோசிச்சுட்டே இருக்காதீங்க.

தினமும் கிளாஸுக்குப் போகணும், நடுவுல ஸ்கூலுக்குப் போய் பாடம் எடுத்துக் காட்டணும், நைட் ஷிஃப்ட் பாத்துக்கிட்டே முடிச்சிடலாம்ங்கிற கணக்கெல்லாம் இதுல ஓடாது. அதுக்கப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, அதுல முதல் தாள், 150 மார்க்குக்கு பொதுப்பிரிவுன்னா 90, மத்த பிரிவுக்கு அதவிட குறைவு. பாஸாயிட்டா ஆயுசுக்கும் செல்லும். ஆனா டெட் பாஸ் பண்ணா வேலைன்னு இருந்த காலம் போயிடுச்சு, இப்ப ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்துற போட்டித் தேர்வு தனி. 2024 ஜூலைல எழுதினவங்களுக்கு ஆர்டர் கைக்கு வந்தது 2025 ஜூலைல, அதுக்கு முன்னாடி பல வருஷம் இடைநிலை ஆசிரியருக்கு, அதான் இந்த ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எடுக்குற வேலைக்கு, ஆளே எடுக்கல. அந்த இடைவெளில தனியார் ஸ்கூல்ல சேரலாம், ஆனா உங்க இப்பத்த சம்பளத்துல பாதி கெடைச்சாலே பெரிசு. கவர்மென்ட்ல அடிப்படைச் சம்பளம் 20,600ல ஆரம்பிக்கும், டி.ஏ. எல்லாம் சேந்து நல்லாத்தான் வரும், வந்து சேர்ற வரைக்கும் வீட்டுச் செலவ யார் பாக்குறதுன்னு நீங்களும் அம்மாவும் உக்காந்து பேசுங்க. கடன் ஏதாவது இருந்தா அத முடிச்சுட்டு விடுங்க.

இப்ப வேலையப் பத்தி. நான் இருந்தது ஈராசிரியர் பள்ளி, அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேரு. ஒரே ரூம்ல ஒண்ணும் ரெண்டும் மூணும் உக்காந்திருக்கும், ஒருத்தன் அழுவான், ஒருத்தி ஒன்னுக்கு போகணும்பா, நடுவுல எமிஸ்னு கல்வித்துறை ஆப்ல வருகைப் பதிவு போடணும், நெட் சுத்திக்கிட்டே இருக்கும். நூத்தி மூணு எழுதுடான்னா முக்காவாசி புள்ளைங்க 1003னு எழுதும். ஏன்னா நூறு எழுதிட்டு பக்கத்துல மூணு எழுதுது, அது காதுல கேட்டத அப்படியே எழுதுது, அதோட நியாயம் அது. இத 'தப்பு'ன்னு அடிச்சுட்டு போறது ரொம்ப ஈஸி. வெளக்குமாத்து குச்சிய பத்து பத்தா கட்டி, பத்து கட்ட சேத்து ஒரு நூறாக்கி, பக்கத்துல மூணு குச்சிய தனியா வெச்சு, நடுவுல கட்டு இருக்க வேண்டிய எடம் காலியா கெடக்குல்ல, அங்க என்ன எழுதுவன்னு கேக்கணும், அதுவும் ஒரு நாள் இல்ல, ரெண்டு வாரம். அரசுப் பள்ளில சின்ன வகுப்புக்கு நடக்குற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்கள மூணு நெலையா பிரிக்கிறது இதுக்குத்தான், வயசு ஒண்ணா இருந்தாலும் தெரிஞ்சது ஒண்ணா இருக்காது. குவாலிட்டில இருக்கீங்க, ஒரு பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு காரணம் தேடுற புத்தி உங்களுக்கு இருக்கும், அந்த 1003ஐப் பாத்ததும் எரிச்சல் வருதா இல்ல ஏன்னு கேக்கத் தோணுதான்னு பாருங்க. அம்மா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

ராஜினாமா எழுதுறதுக்கு முன்னாடி ஸ்கூல் நடக்குற நாளா பாத்து ஒரு நாள் லீவு போட்டு, பக்கத்து தொடக்கப் பள்ளி ஹெச்.எம்.கிட்ட அனுமதி கேட்டு ஒரு முழு நாள் உக்காந்து பாருங்க, சாயங்காலம் மட்டும் இல்ல, காலைச் சாப்பாட்டுல இருந்து கடைசி பெல் வரைக்கும்.

கேள்வி: 41 வயசு, பி.சி., ரெண்டு பசங்க. 2005ல டீச்சர் டிரெயினிங் முடிச்சேன், கல்யாணமாகி அப்படியே விட்டுட்டேன். இனி முடியுமாக்கா?

பதில்: முடியும்மா. போட்டித் தேர்வுக்கு உங்களுக்கு 58 வயசு வரைக்கும் இடமிருக்கு, பொதுப்பிரிவுக்கே 53. திரும்ப டிரெயினிங் படிக்க வேண்டாம், டெட் பாஸ் பண்ணிட்டு அந்தப் போட்டித் தேர்வ எழுதணும், அதுதான் பாக்கி. ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் சமச்சீர் புக் எடுத்து வெச்சு, சின்னவன் ஹோம்வொர்க் பண்றப்ப பக்கத்துல உக்காந்து நீங்களும் படிங்க. மொதல்ல டிரெயினிங் சர்டிஃபிகேட் பீரோல எங்க கெடக்குன்னு தேடி எடுங்க.